பெயரை அழித்தார்கள், முகவரியை வைத்துக்கொண்டார்கள்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன யாருக்கும் இந்த உரையாடலை விளக்க வேண்டியதில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" சொல்கிறோம். "ஊருக்குள்ளயேவா?" சற்றுத் தயங்குகிறோம். "பஸ் ஸ்டாப்புலேர்ந்து எந்தப் பக்கம்?" மூன்றாவது கேள்வியோடு வேலை முடிந்துவிடுகிறது. சாதி என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள், நாமும் சொல்லிவிட்டோம். "வீட்டை ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கோம் தம்பி" என்று கதவு மூடுகிறது.

2025 ஏப்ரல் மாதம் தமிழ்நாடு சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்றோம். வரவேற்ற கையோடு நமக்குள்ளேயே ஒரு வாக்குவாதமும் தொடங்கியது. பெயர்ப்பலகையை மாற்றினால் அந்தத் தெருவில் இருப்பவர் யார் என்பது மறந்துவிடுமா? பழைய பட்டா, பழைய குடும்ப அட்டை, பள்ளியின் பழைய பதிவேடு, இவற்றிலெல்லாம் இருக்கும் சொல்லை யார் அழிப்பது? அழிப்பது நமக்கு நல்லதா, கெட்டதா?

இந்தக் கேள்விகளோடு ஏறத்தாழ 150 ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மக்கள் ஜப்பானில் இருக்கிறார்கள். ஜப்பானைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் புல்லட் ரயில், ஒழுக்கம், உழைப்பு. அங்கேயும் ஒரு சேரி உண்டு என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. அந்தச் சேரியின் வரலாறு பெரும்பாலும் ஒரு பதிவேட்டின் வரலாறாக இருக்கிறது. ஆகவே பதிவேட்டிலிருந்தே தொடங்குவோம்.

தோக்குகவா ஆட்சிக் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டும் வரை, ஜப்பானியச் சமூகம் பிறப்பின் அடிப்படையில் அடுக்கப்பட்டிருந்தது. அந்த அடுக்குக்கு வெளியே தள்ளப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பிரிவினர். ஒருவர் 'எதா'. அந்தச் சொல்லை எழுதும் சித்திர எழுத்துகளின் பொருள் 'மிகுந்த அசுத்தம்'. இன்னொருவர் 'ஹினின்', அதாவது மனிதர் அல்லாதவர். எதா மக்கள் செய்த வேலை என்ன தெரியுமா? செத்த மாடு, குதிரைகளை அப்புறப்படுத்துவது, தோல் உரிப்பது, பதனிடுவது, அந்தத் தோலில் முரசு கட்டுவது. எங்கோ கேட்ட கதை போல இருக்கிறதல்லவா. இரண்டு சமூகங்களுக்கும் இடையே கடல் இருந்தது. தீட்டு என்ற கருத்து மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத் தேடிப்பிடித்து உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்திருக்க வேண்டும். கிறிஸ்தவத்தைத் தடை செய்திருந்த அரசு, இவர் கிறிஸ்தவர் அல்லர் என்று கோயிலிடமிருந்தே சான்று வாங்கியது. மதத்தைச் சோதிக்கப் பிறந்த அந்த ஏடு நாளடைவில் மக்கள்தொகைக் கணக்காகவும் ஆகிவிட்டது. ஒடுக்கப்பட்டவர்களின் பெயர்களை அதே ஏட்டில் எழுதினால் ஏடே தீட்டாகிவிடும் என்பது போல, பல இடங்களில் அவர்களுக்குத் தனி ஏடு போட்டார்கள். சில இடங்களில் கடைசிப் பக்கங்கள். இரட்டைக் குவளையைப் போல இரட்டைப் பதிவேடு.

1868இல் மெய்ஜி அரசு வந்தது. 1871இல் ஒரே ஆணையில் எதா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிக்கப்பட்டன. இனி அந்தஸ்திலும் தொழிலிலும் அவர்கள் சாதாரணக் குடிமக்களுக்குச் சமம். வரலாற்றில் இதற்கு 'விடுதலை ஆணை' என்று பெயர். நிலம் தரவில்லை, பணம் தரவில்லை, பள்ளி தரவில்லை. செத்த மாட்டின் மீதும் தோல் மீதும் அவர்களுக்கு இருந்த ஒரே உரிமையும் அதே ஆண்டில் பறிபோனது, இனி யார் வேண்டுமானாலும் அந்தத் தொழிலைச் செய்யலாம். அதாவது இழிவைச் சொல்லில் நீக்கினார்கள், சோற்றை நிஜத்திலேயே நீக்கினார்கள். அந்தச் சொல்லளவு சமத்துவத்தைக்கூட ஊரால் பொறுக்க முடியவில்லை. 1873இல் இன்றைய ஒக்காயாமா மாகாணத்தின் மிமாசாகா பகுதியில் கட்டாய ராணுவச் சேவைக்கும் பள்ளிக்கும் எதிராக எழுந்த விவசாயிகள், இந்த ஆணைக்கும் எதிராக எழுந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டன. பலர் கொல்லப்பட்டனர்.

அதே 1871இல் இன்னொரு சட்டமும் வந்தது, குடும்பப் பதிவுச் சட்டம். அதன்படி 1872இல் நாடு முழுக்க வீடு வீடாக ஒரு பதிவேடு எழுதப்பட்டது. 'கொசெகி' என்று சொல்வார்கள். எந்த வீட்டில் யார், குடும்பத் தலைவர் யார், அவருடைய அப்பா யார், எந்தக் கோயில், எந்த வகுப்பு, எல்லாம் அதில் உண்டு. புதிய அரசுக்கு வரி வேண்டும், ராணுவத்துக்கு ஆள் வேண்டும், பள்ளிக்குப் பிள்ளைகளின் கணக்கு வேண்டும். யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எந்த நவீன அரசும் நடக்காது.

பிரபுக்கள், சாமுராய் வழிவந்தோர், குடிமக்கள் என்ற மூன்று வகுப்புகளில் ஒன்றை ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எழுத வேண்டும். நேற்று வரை எதாவாக இருந்தவர் இன்று சட்டப்படி 'குடிமகன்'. ஆனால் பேனா பிடித்திருந்த உள்ளூர் அதிகாரிக்குக் கை வரவில்லை. பல இடங்களில் 'புதிய குடிமகன்' என்று எழுதினார்கள். சில இடங்களில் 'முன்னாள் எதா' என்றே எழுதினார்கள். 'புதிய' என்பது எவ்வளவு மரியாதையான சொல்! அந்தச் சொல்லே நூறு ஆண்டுகளுக்குக் காட்டிக்கொடுக்கப் போதுமானதாக இருந்தது. ஆணை பிறந்த ஓராண்டுக்குள், ஆணையைப் பிறப்பித்த அரசின் பதிவேட்டிலேயே ஆணை தோற்றுப்போனது.

இதை அதிகாரிகளின் மனக்கோளாறு என்று மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. இழிசொல் எழுதப்படாத பக்கங்களும் பின்னாளில் காட்டிக்கொடுத்தன. எப்படி என்றால், முகவரியால். தீட்டுக்கு ஆளானவர்கள் தனிக் குடியிருப்புகளில் வாழவைக்கப்பட்டவர்கள். வகுப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதினாலும், ஊர், குடியிருப்பு, வீட்டு எண் என்ற கட்டங்கள் உண்மையைச் சொல்லிவிடும். 'புராக்கு' என்றால் ஜப்பானிய மொழியில் வெறும் குடியிருப்பு, சிற்றூர் என்றுதான் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிகாரிகளே அவர்களின் இடங்களைத் 'தனிவகைப் புராக்கு' என்று எழுத ஆரம்பித்தார்கள். பிறகு 'தனிவகை' உதிர்ந்து, புராக்கு என்றாலே அவர்கள் என்றாகிவிட்டது. சங்க இலக்கியத்தில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். காலனி என்ற சொல்லுக்கும் பிறப்பில் எந்தக் குற்றமும் கிடையாது. சாதியை இடத்தில் அடைத்துவைக்கும் சமூகம், அந்த இடத்துக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் சில ஆண்டுகளில் அதைச் சாதிச்சொல்லாக ஆக்கிவிடும்.

புராக்கு மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லையா? போனார்கள். ஒசாகாவின் ஆலைகளுக்கும் தோக்கியோவின் தெருக்களுக்கும் போனார்கள். ஆனால் ஆள் போனாலும் கொசெகி போகவில்லை. அது ஊரிலேயே இருந்தது. இதற்கு 'ஹொன்செகி' என்று பெயர். நம் விண்ணப்பப் படிவங்களில் 'தற்போதைய முகவரி' என்பதற்குக் கீழே 'நிரந்தர முகவரி' என்றொரு கட்டம் இருக்குமே, ஏறத்தாழ அதுபோல. ஊரைவிட்டு வெளியே 90 நாள்களுக்கு மேல் தங்குபவர்களை எழுத 1914இல் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தப் பதிவிலும் ஹொன்செகி குறிக்கப்படும். நகரும் மனிதனுக்கு ஒரு ஏடு, நகராத அவன் மூலத்துக்கு ஒரு ஏடு, இரண்டுக்கும் நடுவே ஒரு நூல். எவ்வளவு தூரம் போனாலும் நூலைப் பிடித்து இழுத்தால் ஊர் வந்துவிடும்.

அந்த நூலை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதுதான் கொடுமை. 1898இல் குடும்பத் தலைவரை மையமாக வைத்த குடிமைச் சட்டம் வந்தபோது, கொசெகி பொது ஆவணம் என்று ஆனது. கட்டணம் கட்டினால் யாருடைய பதிவையும் யாரும் பார்க்கலாம். இந்த நிலை 1976 வரை நீடித்தது. நம் ஊரில் பெண் கொடுப்பதற்கு முன் நாலு இடத்தில் 'விசாரிப்பார்கள்'. அங்கே அந்த விசாரிப்பு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. துப்பறியும் நிறுவனங்களின் முக்கிய வருமானங்களில் ஒன்று, மாப்பிள்ளை அல்லது பெண்ணின் பூர்வீகத்தைத் தோண்டித் தருவது. தன் பிறப்பை எக்காரணத்தைக் கொண்டும் வெளியே சொல்லாதே என்று தந்தை மகனுக்குக் கட்டளையிடும் கதைதான் ஷிமாசாகி தோசன் 1906இல் எழுதிய 'ஹகாய்' நாவல். அதன் நாயகன் ஒரு பள்ளி ஆசிரியர். நகரத்தில் பெயரின் பின்னொட்டையும் அப்பாவின் வேலையையும் மறைத்து வாழும் நம் தோழர்களுக்கு அந்த நாவலின் பயம் புதிதாக இருக்காது.

மறைந்து வாழ மறுத்தவர்களும் இருந்தார்கள். 1922 மார்ச் 3ஆம் தேதி கியோத்தோவில் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நீர்மட்டத்தைப் போலச் சமமானவர்கள் என்று பொருள் தரும் பெயர். கருப்புக் கொடியில் ரத்தச் சிவப்பில் முள்முடி. பிறப்பை மறைப்பதில்லை, அதைப் பெருமையோடு சொல்லுவோம் என்பதே அவர்களின் அறிக்கையின் சாரம்.

அவர்கள் நடத்திய போராட்டங்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். 1933இல் தக்காமாத்சு நீதிமன்றத்தில் புராக்குச் சகோதரர்கள் இருவர் மீது வழக்கு. அவர்களில் ஒருவர் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்த விரும்பி அழைத்து வந்தார். தான் புராக்கு என்பதைச் சொல்லாமல் அழைத்து வந்ததால் இது ஏமாற்றிக் கடத்தியது என்றார் அரசு வழக்கறிஞர். நீதிமன்றம் தண்டனையும் கொடுத்தது. 1871இலேயே ஒழிந்துபோன ஒன்றை 1933இல் சொல்லவில்லை என்பதற்காகச் சிறை! சட்டத்தில் இல்லாத சாதி, சொல்லாவிட்டால் மட்டும் குற்றமாகிறது. சுய்ஹெய்ஷா நாடு தழுவிய கிளர்ச்சியில் இறங்கியது. சகோதரர்கள் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள்.

போருக்குப் பிறகு எல்லாம் மாறியதாகச் சொல்லப்பட்டது. 1948 முதல் புதிய கொசெகி. குடும்பத் தலைவர் முறை ஒழிந்தது, கணவன் மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோருக்கு மட்டும் ஓர் ஏடு. ஒரே ஏட்டில் மூன்று தலைமுறைகள் கிடையாது. வகுப்புப் பெயர் கிடையாது. ஹொன்செகியை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பேரரசரின் அரண்மனை முகவரியையே ஹொன்செகியாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வசிப்பிடத்துக்கு வேறு பதிவு, 1951இல் ஒரு சட்டம், அதை மாற்றி 1967இல் இன்னொரு சட்டம். இன்றும் ஜப்பானில் வீடு மாறினால், புதிய இடத்துக்கு வந்த 14 நாள்களுக்குள் நகராட்சியில் சொல்லிப் பதிய வேண்டும்.

ஆக, அரண்மனை முகவரிக்கு மாற்றிக்கொண்டால் தப்பிவிடலாமே என்று தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். 1970 வாக்கில், தோக்கியோவில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரோடு திருமணம் பேசும் குடும்பம் துப்பறிபவரிடம் போகிறது. அவர் முதலில் அந்தப் பெண்ணின் வசிப்பிடப் பதிவை வாங்குகிறார். அதில் ஹொன்செகி எங்கே என்று இருக்கிறது. அங்கே போய்க் கொசெகியைப் பார்க்கிறார். அரண்மனை முகவரியா, கவலையில்லை. எந்த ஏட்டிலிருந்து இங்கே மாற்றப்பட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எல்லோரும் வெளியேறிய பழைய ஏட்டையும் கிழித்துப் போட மாட்டார்கள், 'நீக்கப்பட்ட ஏடு' என்று தனியாக வைத்திருப்பார்கள். அதை வாங்கினால் அப்பா. அங்கிருந்து இன்னொரு ஏடு, தாத்தா. போருக்கு முந்தைய ஏடுகளில் பெரிய குடும்பம் முழுக்க வரும், ஊர், குடியிருப்பு, வீட்டு எண்ணோடு. இது போதாதென்று, ஒருவர் கொசெகி மாறாமல் வாழ்ந்த காலம் முழுக்க எங்கெங்கே குடியிருந்தார் என்று வரிசையாகச் சொல்லும் ஓர் இணைப்புச் சீட்டும் கொசெகியோடு உண்டு. நான்கு அலுவலகம், நான்கு கட்டணம், சில அஞ்சல் தலைகள். இரண்டு தலைமுறைக்கு முன் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் பழைய தெரு கையில் இருக்கும்.

அந்தத் தெரு புராக்குத்தானா என்பது மட்டுமே இனித் தெரிய வேண்டியது. 1872இன் பதிவேடு கிடைத்தால் அதுவும் கண்ணெதிரே. நூறாண்டுக்கு முன் 'புதிய குடிமகன்' என்று எழுதிய அந்த ஏடுகள் 1960களிலும் நகராட்சி அலமாரிகளில் பார்வைக்குக் கிடைத்தன. 1968இல் இது பெரும் பிரச்சினையாக வெடித்தது. நீதித்துறை அமைச்சகம் அவற்றைப் பார்வையிடத் தடைவிதித்து, முத்திரை வைத்துப் பூட்டச் சொன்னது. எரிக்கவில்லை, பூட்டி வைத்தார்கள்.

வேலைவாய்ப்பிலும் இதே கதை. பள்ளி முடித்த பிள்ளைகளிடம் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் படிவத்தைக் கொடுத்து ஹொன்செகி, அப்பா அம்மாவின் தொழில், வீட்டுச் சொத்து என்று எல்லாவற்றையும் கேட்டன. புராக்கு விடுதலை இயக்கத்தினரும் ஆசிரியர்களும் போராடி 1973இல் நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். திறமைக்குத் தேவையில்லாத கேள்விகள் அதில் இல்லை. வெற்றி. இந்த வெற்றிக்கு இரண்டே ஆண்டில் பதில் வந்தது. 1975இல், நாடு முழுவதும் உள்ள புராக்குகளின் இடப்பெயர்களைத் தொகுத்த புத்தகம் நிறுவனங்களுக்கு அஞ்சல் வழியே விற்கப்படுவதை புராக்கு விடுதலைக் கழகம் அம்பலப்படுத்தியது. 5,000க்கும் மேற்பட்ட இடங்கள். பழைய பெயர், இன்றைய பெயர், வீடுகளின் எண்ணிக்கை, முக்கியத் தொழில். வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். நாடறிந்த பெரிய நிறுவனங்களும் அதில் இருந்தன. படிவத்தில் ஊரைக் கேட்கத்தானே கூடாது? கையில் இருக்கும் முகவரியைப் புத்தகத்தோடு ஒப்பிடுவதை யார் தடுப்பது?

அந்தப் புத்தகத்துக்கான தகவல் எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1930களில், புராக்கு மக்களை முன்னேற்றப் போகிறோம் என்ற பெயரில், அரசு ஆதரவோடு இயங்கிய ஓர் நல்லிணக்க அமைப்பு நாடு முழுக்கக் கணக்கெடுத்து 1936இல் ஓர் அறிக்கை தயாரித்தது. எத்தனை குடும்பம், என்ன தொழில், என்ன வாழ்க்கைநிலை. உதவி செய்வதற்கான கணக்கு. 1975இல் விற்ற பட்டியல்கள் பெரும்பாலும் இந்த அறிக்கையையே அடித்தளமாகக் கொண்டவை என்று கருதப்படுகிறது. நம்மைக் கைதூக்கிவிட எடுத்த கணக்கு, நம்மை வாசலிலேயே நிறுத்தும் கணக்காக நாற்பது ஆண்டுகளில் மாறிவிட்டது.

பிறகு ஒவ்வொரு கதவாக மூடினார்கள். 1976இல் கொசெகியை யாரும் பார்க்கலாம் என்ற விதி ஒழிந்தது. 1985இல் ஒசாகா மாகாணம், புராக்குப் பின்னணியைத் துருவும் விசாரணைகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் செய்தது. 2007இலிருந்து வந்த புதுவகை ஓட்டுநர் உரிமத்தில் ஹொன்செகி அச்சாவதில்லை, சிப்புக்குள் போய்விட்டது. 2008 முதல் கொசெகி நகல் கேட்பவர் தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும். ஆனால் வழக்கறிஞர், ஆவணம் எழுதும் உரிமம் பெற்றவர் போன்றோர் தொழில்முறையில் பிறர் நகலைக் கேட்கலாம் என்ற ஜன்னல் திறந்தே இருந்தது. அந்த ஜன்னல் வழியாக ஆயிரக்கணக்கில் நகல்களை எடுத்து விற்ற ஒரு கும்பல் 2011இல் பிடிபட்டது. பூட்டி வைத்த 1872இன் ஏடு போன்ற ஒன்று 2019இல் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தது.

2016இல் ஒரு பதிப்பாளர் அந்த 1936ஆம் ஆண்டு அறிக்கையை இன்றைய ஊர்ப் பெயர்களைச் சேர்த்து மறுபதிப்பாக வெளியிடப் போவதாக அறிவித்தார், பட்டியலை இணையத்திலும் போட்டார். 200க்கும் மேற்பட்ட புராக்கு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2021இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் வெளியீட்டைத் தடுத்தது, ஆனால் எல்லா மாகாணங்களுக்கும் அல்ல. நான் புராக்கு என்று ஏற்கெனவே வெளிப்படையாகச் சொல்லிப் போராடியவர்களுக்கு, அந்தரங்கம் பறிபோனது என்ற பாதுகாப்பும் கிடைக்கவில்லை. நீயே சொல்லிவிட்டாயே, பிறகென்ன என்ற தர்க்கம். சாதியை எதிர்க்கத் தன் சாதியைச் சொல்பவனும், சாதியைக் கொண்டு ஒதுக்கப் பட்டியல் போடுபவனும் ஒன்று என்கிற இந்த வாதத்தை நாம் இங்கே தினமும் கேட்கிறோம், "நீங்கதானே எப்பப் பாத்தாலும் சாதி பேசுறீங்க." 2023இல் உயர் நீதிமன்றம் மேலும் ஒரு படி போய், பாகுபடுத்தப்படாமல் வாழும் உரிமை என்று ஒன்றுண்டு என ஏற்றுக்கொண்டு தடையை விரிவாக்கியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அது உறுதியானது.

இத்தனையையும் படித்துவிட்டு, பதிவேடே கூடாது, கணக்கே கூடாது என்ற முடிவுக்கு வருவது எளிது. அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 1969 முதல் 2002 வரை ஜப்பான் அரசு புராக்குப் பகுதிகளில் வீடு, சாலை, கல்வி உதவி என்று பெரும் பணம் செலவிட்டது. எந்த அடிப்படையில்? இடத்தின் அடிப்படையில். ஒரு பகுதியைப் புராக்கு என்று முறைப்படி அறிவித்தால்தான் உதவி. வெளிச்சத்துக்கு வந்துவிடுவோம் என்று பயந்து பல குடியிருப்புகள் அந்த அறிவிப்பே வேண்டாம் என்றன. அவற்றுக்கு உதவியும் இல்லை. 1993இல் அரசு எண்ணியபோது 4,442 பகுதிகள், அவற்றில் ஏறத்தாழ 8 லட்சத்து 90 ஆயிரம் புராக்கு மக்கள். விடுதலைக் கழகமோ 6,000 குடியிருப்புகள், 30 லட்சம் பேர் என்கிறது. 2002இல் திட்டம் முடிந்தது, அதோடு அந்த வகைக் கணக்கும் நின்றது. கணக்கு இல்லாத இடத்தில், இப்போது யார் பாகுபடுத்துகிறார்கள், பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்று சொல்வது எவ்வளவு சுலபம். 2016இல் புராக்குப் பாகுபாட்டை ஒழிப்பதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதில் நிலைமையை ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதும்போதே, அந்த ஆய்வே புதிய பாகுபாட்டை உண்டாக்கிவிடக் கூடாது என்றும் நாடாளுமன்றம் தனியாக எச்சரிக்கை தீர்மானம் போட வேண்டியிருந்தது.

நம் நிலை வேறு. நமக்குச் சாதிச் சான்றிதழ் இல்லாமல் கல்வி உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் நிற்காது. எண்ணப்படுவது நமக்கு உரிமை, போராடிப் பெற்றது. ஆனால் நம்முடைய பதிவும் மண்ணோடு கட்டப்பட்டதே. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக, இன்னின்ன பகுதியில் வசிப்போர் என்று வரையறுத்தது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் போன குடும்பத்தோடு தீண்டாமை டிக்கெட் வாங்காமல் பயணம் செய்தது. இடஒதுக்கீடு எல்லையில் இறங்கிக்கொண்டது. புராக்குப் பெண்ணைத் துரத்திய நூலும் இதுவும் ஒரே நூல்தான், இழுபடும் திசை மட்டும் வேறு. அங்கே வேண்டாதபோது பின்தொடர்கிறது. இங்கே வேண்டும்போது அறுந்துபோகிறது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோருடைய சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. இதை நாம் கேட்டோம், இன்னும் கேட்போம். கூடவே ஜப்பானியத் தோழர்கள் கண்டுபிடித்த ஒரு சின்ன விஷயத்தையும் கேட்கலாம் என்று நினைக்கிறோம். 2009இல் ஒசாகா மாகாணத்தின் ஒசாகாசயாமா என்ற நகராட்சி ஒரு முறையைத் தொடங்கியது, பிறகு பல நகராட்சிகள் அதைப் பின்பற்றின. முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருந்தால், உங்கள் கொசெகி நகலையோ வசிப்பிடப் பதிவையோ வேறு யாராவது வாங்கிச் சென்றவுடன் நகராட்சி உங்களுக்குக் கடிதம் போடும். அவ்வளவுதான். ஏட்டை எரிக்கச் சொல்லவில்லை. ஏட்டைத் திறந்தால் எனக்குச் சொல் என்றார்கள்.

நம் சான்றிதழ் எண்ணை எத்தனை பேர் தட்டிப் பார்த்தார்கள் என்று நமக்கு யாரும் கடிதம் போடுவதில்லை. கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் பெயருக்கு நேரே சமூகப் பிரிவை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள், நண்பர்கள் போனில் படமெடுத்துப் பகிர்கிறார்கள். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று வகுப்பில் ஆசிரியர் "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரிங்க" என்று சொன்னதை நம்மில் எத்தனை பேர் மறந்திருப்போம்? நாம் எழுந்து நின்றோம். படிவத்தைக் கொடுத்துவிட்டு அவர் உட்காரச் சொல்வதற்குள், மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.